அந்தோனிமுத்துவின் ஆத்துமா பற்றிய விசேட கூட்டம்

இரண்டாயிரம் வருடங்களாக உலகம் தீர்க்காத ஒரு கேள்வியை ஒரே பகலில் தீர்க்க முயன்ற பெருமை எங்கள் தோட்டத்துக் கிறிஸ்தவ ஒற்றுமைச் சங்கத்துக்கு மட்டுமே உண்டு. சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

ஆறாம் நம்பர் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த அந்தோனிமுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. மறுநாள் பகல் உடல் அவருடைய லயத்து வீட்டுக்கு வந்தது. நான்கு மணிக்கு அடக்கம்.

சிக்கல் என்னவென்றால், மனிதர் மூன்று தடவை ஞானஸ்நானம் பெற்றவர். பிறந்தபோது கத்தோலிக்கக் கோயிலில். மகள் ஜெசீகாவை மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது எங்கள் மிஷன் சபையில். முழங்கால் வலி போனபோது ஜெபவீட்டாரோடு ஆற்றில். எதையும் விடவுமில்லை. ஆகவே, அவரை அடக்கம் செய்யும் 'உரிமை' யாருக்கு, அவருடைய ஆத்துமா இப்போது எங்கே என்பதைத் தீர்மானிக்கப் பிள்ளைக் காம்பராவில் கூடினோம். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் அந்த அறைக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் மரண வீடு.

அவருடைய மனைவி செசிலியும் வந்திருந்தார்.

"நேத்துக் காலையில சின்னச் சண்டைங்க. 'போய்த் தொலைங்க, திரும்பி வராதீங்க'ன்னு சொல்லிட்டேன். மனசாரச் சொல்லலைன்னு அவருகிட்ட சொல்லணும். இப்ப சொன்னா அவருக்குக் கேக்குமா?"

'மனைவியிடமிருந்து ஒரு வினா பெறப்பட்டது' என்று எழுதிக்கொண்டேன்.

"கேக்கும்மா," என்றார் கத்தோலிக்க உபதேசியார் றொபின்சன். "மோட்சத்துக்கு முந்திப் பாவத்தைக் கழுவுற உத்தரிக்கிற ஸ்தலத்துல இருக்கான். ஆனா நேரா பேசப்படாது. பூசை வச்சா அது வழியாப் போகும்."

ஜெபவீட்டுப் பாஸ்டர் றுஷாந்தன் புன்னகைத்தார். "அப்படி ஒரு எடமே வேதத்துல இல்லைங்க உபதேசியார். அண்ணன் நேத்தே பரதீசுக்குப் போயிட்டாரு. அங்க கண்ணீரே கெடையாது. அந்தச் சண்டை அவருக்கு ஞாபகமே இருக்காதுக்கா."

"முப்பத்திரண்டு வருசம் சேர்ந்து வாழ்ந்தது?"

பாஸ்டர் வேதாகமத்தைப் புரட்டினார். பக்கம் அகப்படவில்லை.

அடியேனும் என் கருத்தைச் சமர்ப்பித்தேன்: கடைசி எக்காளம் தொனிக்கும் வரை அந்தோனிமுத்து நித்திரையில் இருக்கிறார்.

"தட்டி எழுப்பிச் சொல்ல முடியாதுங்களா?"

"அது தேவதூதருடைய வேலைம்மா," என்றேன்.

விவாதம் சூடு பிடித்தது. குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பது வெறும் முகம் கழுவுதல் என்றார் பாஸ்டர். "ஒங்க ஆத்துல முழுகி எழும்பினவன் நேரா எங்க கோயிலுக்குத்தானே கிறிஸ்மஸ் கேக் திங்க வந்தான்," என்றார் உபதேசியார். நான் ஒரு சமரச யோசனை வைத்தேன்: ஆத்துமா முதலில் உத்தரிக்கிற ஸ்தலம், பின்பு நித்திரை, இறுதியாகப் பரதீசு எனக் கட்டம் கட்டமாக 'இடமாற்றம்' பெறலாம். எது முதல் கட்டம் என்பதில் ஒரு மணித்தியாலம் போனது.

அப்போது அந்தோனிமுத்துவின் பக்கத்துக் காம்பராக் கணபதி வாசலில் நின்றார். விபூதி பூசிய மனிதர். ஹாலிஎலை டவுனுக்குப் போய்ச் சவப்பெட்டி எடுத்து வந்தவர் அவர்தான்.

"ஐயாமாரே, மழை இருட்டிக்கிட்டு வருது. பெட்டிய மூடலாங்களா?"

"கொஞ்சம் பொறுப்பா. எடம் இன்னும் தீர்மானமாகல," என்றார் உபதேசியார்.

"குழி வெட்டியாச்சுங்களே?"

"குழி இல்லப்பா. ஆத்துமா."

செசிலி எழுந்தார். "நீங்க பேசி முடிவு பண்ணுங்க. நான் அவரு காதுலயே சொல்லிட்டுப் போறேன்."

ஜன்னல் வழியே பார்த்தோம். எதிர் வாசலில் வைத்திருந்த பெட்டியருகே குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு அவரே கணபதிக்குத் தலையசைத்தார்.

முன் அனுமதியின்றி இறந்தவருடன் நேரடித் தொடர்பு கொண்டதற்கு வருத்தம் தெரிவிக்கும் தீர்மானம் ஒன்று உடனே நிறைவேறியது. மூன்று சபைகளும் ஒருமனப்பட்ட முதல் தீர்மானம் அது. கைதட்டினோம்.

வெளியே வந்தபோது அடக்கம் முடிந்து, ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அறிக்கையில் 'மரண வீட்டில் கலந்துகொண்டோர்' என்று ஒரு பகுதி உண்டு. உண்மையை எழுதுவது செயலாளர் கடமை. எழுதினேன்: கணபதி குடும்பத்தார், ஆறாம் நம்பர் மலையில் வேலை செய்த பதினேழு பேர். எதிர் அறையில் நான்கு மணித்தியாலம் அமர்ந்து அந்தோனிமுத்துவை மூன்று உலகங்களில் தேடிய சங்கத்தாரில், ரோட்டைக் கடந்து போய் அவர் முகத்தைப் பார்த்தவர்: எவருமில்லை.