முதல் தட்டுக்கு என்ன இருக்கு?

"முதல் தட்டுக்கு என்னென்ன இருக்கு?" என்று மாப்பிள்ளை உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கேட்டதில் ஹொனோரினாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மாப்பிள்ளை என்று இன்னும் முடிவாகவில்லை. மாட்ரிட்டில் வேலை பார்க்கும் மகள் நியேவெஸ் பிடித்துவைத்திருக்கும் டச்சுக்காரன். "எனக்கு வர நேரமாகும், அவர் முந்தின பஸ்ஸில வந்துடுவார், சாப்பாடு போடும்மா" என்று காலையில் போன் செய்திருந்தாள். ஒரு போட்டோகூடக் காட்டியதில்லை. இருப்பது ஒரே பெண். அவளை அந்தக் குளிர்தேசத்துக்குக் கொண்டுபோய்விடுவானோ என்று ஹொனோரினாவுக்குக் கொஞ்ச நாளாகத் தூக்கமே இல்லை. ஆள் எப்படி என்று சாப்பாட்டு மேஜையில் பார்த்துவிடலாம் என்று காத்திருந்தாள்.

வந்தான், நெட்டையாக, வெயிலில் சிவந்துபோய். வாசல் சுவரில் பதித்த ஓட்டில் இருந்த 'கசா ஹொனோரினா'வை, அதாவது 'ஹொனோரினா வீடு' என்பதை, எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, வாசலில் தொங்கிய மணித்திரையை விலக்கி உள்ளே வந்தான்.

"ஒரு பொண்ணு சொன்னா. இந்தத் தெருவுல சாப்பாடு பிரமாதமாமே!"

வேறு அடையாளம் எதற்கு?

"ஆட்டுக்கறி சுட்டு வச்சிருக்கேங்க" என்றாள் ஹொனோரினா.

"அது ரெண்டாம் தட்டுதானே? முதல் தட்டுக்கு?"

சமையலறையில் நாத்தனார் எலாதியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அண்ணி, மாப்பிள்ளை முறுக்கு ஹாலந்துலயும் உண்டு போலிருக்கே!"

"சும்மா இருடி. நேத்து வச்ச பருப்பு சூப்பைச் சுட வை."

அதையும் ரொட்டியால் வழித்துத் தின்றான். "வைன் இதுலயே சேர்ந்ததுதானே?" என்று கேட்டான்.

"ஏன், வேற யார் வீட்டுல போய்க் குடிக்கப்போறீங்க?"

நிச்சயதார்த்தத்துக்கென்று காலஞ்சென்ற கணவர் எடுத்துவைத்திருந்த பாட்டிலைத் திறந்தாள். ஒரு வாய் குடித்தவன், "கொஞ்சம் சோடா" என்று கேட்டு வாங்கி அதில் ஊற்றினான்.

"ஐயோ, அண்ணன் இருந்திருந்தா இன்னொரு தடவை செத்திருப்பாரு!" என்றாள் எலாதியா.

கறி எலும்பாகும்வரை ஹொனோரினா பொறுத்தாள். அதற்குமேல் முடியவில்லை.

"எங்க குடியிருக்கிறதா உத்தேசம்?"

"எங்க ஊர்லதான். பொண்டாட்டிக்கு வேற ஊரே ஆகாது."

"அவளா சொன்னா?"

"தினமும் சொல்றாளே!"

பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, படுபாவி! அழுதால் காரியம் கெட்டுவிடும், ஆளை நாக்கு ருசியால்தான் கட்டிப்போட வேண்டும் என்று பாலரிசிப் பாயசத்தைக் கிண்ணம் நிறைய ஊற்றினாள். பின்னாலேயே காப்பியும் வந்தது.

அவன் பதறினான். "ரெண்டுல ஒண்ணுதானே வழக்கம்?"

"ரெண்டும் சாப்பிடுங்க. இங்கேயே இருந்துட்டீங்கன்னா தினமும் ரெண்டும் உண்டு!"

அவன் முகம் மலர்ந்துபோயிற்று. "இப்படியொரு உபசாரத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. நாளைக்குப் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வரேன். லாட்ஜ்ல தூங்குறா."

எலாதியா சிலுவை போட்டுக்கொண்டாள். ஹொனோரினாவின் கை தானாகவே குழம்புக் கரண்டிக்குப் போயிற்று.

"லாட்ஜ்லயா? பொண்டாட்டியா? அடப்பாவி, அப்போ எம் பொண்ணு?"

"அவங்களும் வரட்டுமே" என்றான் அவன் தாராளமாக. தட்டுக்கு அடியில் ஒரு பண நோட்டையும் செருகினான்.

கரண்டி ஓங்கிய நேரத்தில் மணித்திரை சலசலத்தது. எதிரே 'கசா விசித்தா' என்று, முதல் தட்டு, ரெண்டாம் தட்டு, வைன், கடைசியில் பாயசமோ காப்பியோ எல்லாம் ஒரே விலைக்குப் போடும் சாப்பாட்டுக்கடை நடத்தும் விசித்தா, ஏப்ரன் சொட்டச் சொட்ட மூச்சிரைத்துக்கொண்டு நின்றாள்.

"ஹொனோரினா, சீக்கிரம் வாடி! எங்க கடையில ஒரு வெளிநாட்டுப் பையன், பில்லை நீட்டினா 'அத்தை'ங்கிறான், தட்டையெல்லாம் கழுவி வச்சுட்டான், இப்ப என் காலைப் பிடிச்சுக்கிட்டு, 'இந்த ஊர்லயே இருந்துடறேன், நியேவெஸை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க'ன்னு அழறான்!"