நான்கு நிமிடம் வேலி விளக்கை அணைத்தது பற்றி

1954 மார்ச் 7, ஞாயிறு, இரவு எட்டு மணிக்கு, நான்கு நிமிடம். அணைந்த வேலி விளக்குகள் முப்பத்தாறு. அணைத்தவன் ஒருவன், நான்.

லோபாக்கில் இருக்கும் முருகையா மாமா அவர்களுக்கு, ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்து எஞ்சின் ரூமிலிருந்து மருமகன் திருநாவுக்கரசு வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். எஞ்சினும் நலம். நீங்களும் அத்தையும் நலமென நம்புகிறேன். இதைப் படித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

நீங்கள் பேசி அனுப்பிய சம்பந்தம் கெட்டுப்போயிற்று. மற்றவர் சொல்லிக் கேட்பதற்கு முன் நான் சொல்லியே கேளுங்கள். கணக்கெழுதும் கிராணி ராமகிருஷ்ணன் மாப்பிள்ளை பார்க்க ஞாயிறு மாலை நாலு மணிக்கு டாக்சியில் வந்தார், தாயில்லாத பெண்ணை இந்த அவசரகாலத்தில் வீட்டில் தனியே விட முடியாதென்று மகள் வள்ளிநாயகியையும் கூட்டிக்கொண்டு. கேட் காவல் முனியாண்டி அவர் கையிலிருந்த பால் டின்னை வாங்கி, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போனாலும் கெட்டுப்போகட்டும் என்ற சட்டப்படி இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தான். அது அவர் வெள்ளை வேட்டியில் ஒழுக ஆரம்பித்தது. வரவேற்கப் போன நான், "நூல் நூலா இறங்குது பாருங்கய்யா, வானத்துல வாயுவும் இப்படித்தான் நூல் நூலா நிக்குது" என்றேன். "தம்பி, மொதல்ல தண்ணி கொண்டாங்க" என்றார்.

ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள். டாக்சி இருமியது. தள்ளிவிட்டிருந்தால் ஓடியிருக்கும், ஆனால் செய்வதை முறையாகச் செய்ய வேண்டாமா, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். முடித்தபோது மணி ஏழு, ஊரடங்கு, கேட் பூட்டியாயிற்று. இனி விடிந்தால்தான் திறப்பார்கள். சாப்பிட்டுவிட்டு டாக்சிக்காரர் வண்டியிலேயே படுத்துக்கொள்ள, எஞ்சின் ரூம் வாசலில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். நான்தான் பேசினேன். பால்வெட்டுக் கத்தி தீட்டும்போது விழும் இரும்புத் தூளைக் காகிதத்தில் கொட்டி, அடியில் காந்தத்தை வைத்துத் தட்டினேன். தூள் வரிசை வரிசையாக நின்றது. விண்வெளியிலும் காந்தக் கோடுகள் உண்டு, தூசி அதைப் பார்த்துத்தான் வரிசையில் நிற்கிறது, மேனேஜர் துரை படித்துவிட்டுப் போட்ட பத்திரிகையில் இருக்கிறது என்றேன்.

"வாயுவுக்கு அதுதான் வேலி மாதிரிங்கய்யா. ஒட்டி நடக்கலாம், தாண்டிப் போறது கஷ்டம். அப்படியே ஒட்டி வந்து ஒரே எடத்துல கூட்டம் சேந்தா, தன்னால அமுங்கிச் சூடாகி நட்சத்திரமாயிடும். இது என் கணிப்பு."

"இங்க கூட்டம் சேந்தா ஜெயிலுதான்லா" என்றார் அவர். பெண் சிரித்ததாக எனக்குத் தோன்றியது. "எங்க, அந்த எடத்தக் காட்டுங்க பாப்போம்" என்றார் கிராணி.

காட்டுங்கள் என்றால் காட்ட வேண்டாமா? வேலி விளக்கு எரியும்போது வானத்தில் என்ன தெரியும்? உள்ளே போய் சுவிட்சை இறக்கினேன்.

நான்கு நிமிடம்தான் மாமா. முதல் நிமிடத்திலேயே சைரன். முனியாண்டி வானத்தைப் பார்த்து இரண்டு முறை சுட்டான், நான் காட்ட நினைத்த பக்கமாகவே. கிராணி ரப்பர் ஒட்டுப்பால் மூட்டைகளுக்கு நடுவே பாய்ந்தார். அந்த நாற்றம் ஒரு துவைப்பில் போகிற நாற்றமா? வள்ளிநாயகி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. "வரிசையா மூணு, அதுக்குத் தெக்க பொக மாதிரி ஒரு மங்கல், அங்கதான் நட்சத்திரம் பொறக்குது" என்றேன். "ம்" என்றது. பயத்தில் உறைந்துவிட்டது போலிருக்கிறது. விளக்கைப் போட்டேன். விடிந்ததும் கிராணி என் முகத்தைப் பார்க்காமலே டாக்சியில் ஏறினார். துரை கூப்பிட்டு விளக்கம் கேட்டார், விளக்கினேன், பாதியிலேயே போகச் சொன்னார். வேலை போகவில்லை. இந்த எஞ்சினை ஓட்ட வேறு ஆளில்லை.

வானத்து வாயுவில் ஒரு கட்டைவிரல் நுனி அளவு இடத்துக்கு ஏறக்குறைய ஒரே ஓர் அணுதானாம். அதுவும் எஞ்சின் ரூமில்தான் வேலை பார்க்கிறது போலிருக்கிறது. இந்தத் தோட்டத்தில் விளக்கு எரியாவிட்டால்தான் என்னிடம் பேச ஆள் வருகிறது, எரிந்துவிட்டால் போய்விடுகிறது. நான் நன்றாக வேலை செய்கிறவன், ஆகையால் யாரும் வருவதில்லை. குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். இனி எனக்குப் பெண் பார்க்காதீர்கள். வானத்தைப் பற்றியும் யாரிடமும் பேசமாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு. உங்கள் ஆசியை அனுப்பினால் போதும், வேறெதுவும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
திருநாவுக்கரசு
செவ்வாய், 9.3.54

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் முனியாண்டி வந்தான். "அண்ணே, அந்தப் பொண்ணு சரியில்லலா. நேத்து கேட்டத் தாண்டறப்போ எங்கிட்ட வந்து, 'மறுபடி எப்பண்ணே வெளக்க அணைப்பாங்க? அந்த மங்கலு எதுன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள போட்டுட்டாங்களே'ன்னு கேக்குது. வெளக்கு எப்ப அணையும்னு எவன் கேப்பான்? காட்டுக்காரன்தான கேப்பான்? போலீஸ் சார்ஜண்ட்கிட்டச் சொல்லிட்டேன். நாளைக்குப் பத்து மணிக்கு அப்பனையும் மகளையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிட்டாங்க" என்றான். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். நான் செய்யப்போவது:

1. நாளை ஒன்பதரைக்கே ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். விளக்கை அணைத்தவன் நான், அந்தப் பெண் கேட்டது நட்சத்திரத்தை என்று சொல்வேன்.

2. நம்பாவிட்டால் காந்தமும் இரும்புத் தூளும் கையில் இருக்கும். இந்த முறை பாதியில் போகமாட்டேன்.

3. கிராணிக்குப் புது வேட்டி ஒன்று வாங்கிப் போவேன். பால் டின் வாங்கமாட்டேன்.

4. அவர் சம்மதித்தால், சனிக்கிழமை அவர்களோடு லோபாக் வருவேன். உங்கள் கொல்லைப்பக்கம் வேலி விளக்கு இல்லை, ஒரே ஒரு பல்புதான். அதைக் கழற்றுவேன். உங்களைக் கேட்டுவிட்டுத்தான்.