சுருங்காத முட்டை

“தள்ளு, தள்ளு. வெடிச்சிடப்போகுது.”

இரண்டு உள்ளங்கைகளிலும் ஒரு முட்டையை ஏந்தியபடி வாத்தியார் சமையலறைக்குள் பாய்ந்தார். ஓடு இல்லாத முட்டை. வினிகரில் ஊறி ஓடு கரைந்துபோய், மெல்லிய தோல் மட்டும் மிஞ்சியிருந்தது. உள்ளே மஞ்சள் கரு மங்கலாக ஆடியது. நேற்று இருந்ததைவிட ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

மனைவி ஒதுங்கி வழிவிட்டாள். “பெருக்கணும்னுதானே ஊறப்போட்டீங்க?”

“தண்ணியில போட்டதுதான் பெருக்கணும். இது சர்க்கரைப் பாகுல போட்டது. இது சுருங்கணும்.”

“போடும்போது அதுகிட்ட சொன்னீங்களா?”

வாத்தியார் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவர் இல்லை. சென்ற வருடம் இதே பாடம் நடத்தியபோது, ஊதிய முட்டை கையிலேயே வெடித்துத் தலைமையாசிரியையின் மூக்குக் கண்ணாடியில் வழிந்தது. அன்றிலிருந்து மாணவர்கள் மத்தியில் அவர் பெயர் ஆம்லெட். வேலையும் இன்னும் தற்காலிகம்தான். இந்த வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை மறுபடியும் வகுப்பில் வந்து உட்காரப்போகிறார். பாடம் சரியாக நடந்தால் வேலை நிரந்தரம். சொதப்பினால் ஆம்லெட் மட்டும்தான் நிரந்தரம்.

பாடம் என்னவோ சின்னதுதான். முட்டைத் தோல் வழியாகத் தண்ணீர் போய்வரும், சர்க்கரையால் நுழைய முடியாது. எந்தப் பக்கம் கரைந்திருக்கும் சரக்கு அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும். வெறும் தண்ணீரில் போட்ட முட்டை குடித்துக் குடித்துப் பெருக்கும். பாகில் போட்டது உள்ளே இருக்கும் நீரையும் பறிகொடுத்து வற்றிப்போகும். உலகம் தோன்றிய நாளிலிருந்து இப்படித்தான். இவர் வீட்டில் மட்டும் இரண்டு முட்டையும் பெருக்கின்றன.

வாத்தியார் பாகு ஜாடிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தார். பச்சைத் தண்ணீர்.

கூடத்தில் மாமனார் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். சர்க்கரை நோயாளி. அவருக்காக ஆறு மாதமாக இந்த வீட்டுக்குள் சர்க்கரை நுழைவதில்லை. வாத்தியார்கூடக் கசப்புக் காபிதான் குடிக்கிறார். சோதனைக்காக ஒரு பொட்டலம் வாங்க அனுமதி கேட்டபோது மனைவி மறுப்பாள் என்றுதான் நினைத்தார். “ஒரு பொட்டலம் போதுமா? ரெண்டா வாங்குங்க, படிப்பு விஷயம்” என்றாள். பல் மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் ‘இனிப்பை நிறுத்துங்க’ என்று சொல்பவள். அந்தப் பெருந்தன்மையில் அவர் நெகிழ்ந்துபோனார்.

இப்போது குரலைத் தாழ்த்தினார். “உங்கப்பா பாகைக் குடிச்சிட்டுத் தண்ணி ஊத்தி வச்சிட்டார்னு நினைக்கிறேன்.”

“எங்கப்பாவா?”

“வேற யாரு?”

அவள் நேராகப் போய்ச் சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்துவந்தாள். “அப்பா, விரலை நீட்டுங்க. மாப்பிள்ளைக்கு உங்க மேல சந்தேகம்.”

மாமனார் மறுபேச்சில்லாமல் விரலை நீட்டினார். மெஷின் யோசித்துவிட்டு ஓர் எண்ணைக் காட்டியது. பள்ளிக்கூடத்துப் பையனுக்குக்கூட அவ்வளவு ஒழுங்கான எண் வராது.

“நான் போடுற கட்டுப்பாடு அப்படி” என்றாள் மனைவி. “மன்னிப்புக் கேளுங்க.”

“மன்னிச்சிடுங்க மாமா.”

“பரவாயில்ல மாப்பிள்ளை” என்றார் மாமனார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே. “முட்டை மேல இருக்கிற அக்கறை.”

அடுத்த முறை வாத்தியார் பாகை இருமடங்கு கெட்டியாகக் காய்ச்சினார். சமையலறையில் வைத்தால்தானே வம்பு? ஜாடியைப் படுக்கையறை அலமாரிக்குள், தன் சட்டைகளுக்கு நடுவே ஒளித்து வைத்துப் பூட்டினார். சாவியை வழக்கம்போல் ஆணியில் மாட்டினார்.

காலையில் திறந்தால் முட்டை இன்னும் கொழுத்திருந்தது. யாரோ அவசரத்தில் ஜாடியைச் சாய்த்திருக்க வேண்டும். மேல்தட்டுச் சட்டையின் காலரெல்லாம் பிசுபிசுப்பு, எறும்பு வரிசை. அதைப் பார்த்து நிற்க நேரமில்லை. அடியில் இருந்த சட்டையை உருவி மாட்டிக்கொண்டு ஓடினார். எறும்புகள் அந்தச் சட்டைக்குள்ளும் குடியேறியிருந்தது, முதல் வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பியபோதுதான் தெரிந்தது. அவர் துள்ளினார், நெளிந்தார், சாக்பீஸை எறிந்தார். பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “சார், ஆம்லெட் இன்னும் வேகலையா?”

அன்று வீடு திரும்பும்போது வாத்தியார் வேறு ஆளாக இருந்தார். விடிந்தால் வெள்ளிக்கிழமை. இனி ஒளிப்பதில்லை. பொறி வைப்பதுதான்.

பாகைக் காய்ச்சினார். யாரும் பார்க்காத நேரத்தில் இரண்டு கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினார். உப்பும் தண்ணீரை இழுக்கும், முட்டைக்கு நஷ்டமில்லை. திருடனுக்குத்தான் நஷ்டம். ஜாடியைச் சாப்பாட்டு மேஜையின் நட்டநடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டுத் தூங்கப்போனார்.

காலையில் முட்டை கிழங்குபோல் வற்றி, தோல் சுருங்கிக் கிடந்தது. இத்தனை அழகான ஒன்றை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஜாடியில் ஒரே ஒரு மடக்குக் குறைந்திருந்தது. அருகிலிருந்த டம்ளர் கவிழ்ந்து கிடந்தது.

வாத்தியார் மெல்லத் திரும்பி மாமனாரைப் பார்த்தார். மாமனார் கசப்புக் காபியை ரசித்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

குளியலறையில் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

“என்னம்மா ஆச்சு?” என்று கதவருகே போய்க் கேட்டார்.

“பல்லு வலி” என்றது உள்ளிருந்து ஒரு கரகரத்த குரல். “நீங்க ஸ்கூலுக்குக் கிளம்புங்க.”

அன்று பாடம் தேன்போல ஓடியது. பெருத்த முட்டையும் வற்றிய முட்டையும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் உட்கார்ந்திருந்தன. தலைமையாசிரியை முன்னெச்சரிக்கையாகக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் கிட்டே வந்தார். வற்றிய முட்டையை விரலால் தொட்டுப் பார்த்தார். “வேலை உறுதி. ஆனா அடுத்த வருஷம் உருளைக்கிழங்குல செஞ்சு காட்டுங்க” என்றார்.

வாத்தியார் மிதந்தபடி வீட்டுக்கு வந்தார். மனைவி இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. மாமனார் மட்டும் கூடத்தில் இருந்தார்.

“மாமா, வேலை உறுதியாயிடுச்சு.”

“ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை. அந்த முட்டைக்குத்தான் நன்றி சொல்லணும்.”

வாத்தியார் அவர் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “உங்களைச் சந்தேகப்பட்டதுக்கு இன்னொரு தடவை மன்னிப்புக் கேக்கணும். குடிச்சது உங்க பொண்ணுதான்.”

“தெரியும்.”

“தெரியுமா? பாவம், உங்களுக்காக அவளும் ஆறு மாசமா வாயைக் கட்டிட்டு இருந்திருக்கா. ஆசை வந்துருக்கு. உங்களுக்குச் சர்க்கரை இருக்கப்போய் அவளுக்கும் இந்தக் கஷ்டம்.”

மாமனார் பேப்பரை மடித்து மடியில் வைத்தார். வாசல்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“எனக்கு ஏது மாப்பிள்ளை சர்க்கரை? டாக்டர் இனிப்பை நிறுத்தச் சொன்னது அவளைத்தான். உங்ககிட்ட சொன்னா போர்டுல படம் போட்டுப் பாடம் எடுப்பீங்கன்னு பயந்து, என்னைப் பேஷண்ட் ஆக்கிட்டா.”