எறும்பு மொய்த்த வேட்டி

நெல்லை வாயில் போட்டுக் கடித்தே ஈரம் எவ்வளவு என்று சொல்லத் தெரிந்த மனிதனுக்கு, போகப் போக ஒரு வியாதி வரும். வாயில் போடக்கூடிய எதைப் பற்றியும் தன்னால் தீர்ப்புச் சொல்ல முடியும் என்று நம்ப ஆரம்பித்துவிடுவான். தஞ்சாவூர் நெல் வியாபாரிகள் பல பேருக்கு இது உண்டு. எனக்கு முற்றிய நிலை.

கல்யாணப் பந்தியில் முதல் கவளத்திலேயே, "இது போன வருஷத்து அரிசி" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிவிடுவேன். (அவர் பெரும்பாலும் பெண்ணுக்குத் தாய்மாமனாக இருப்பார்.) என் மனைவி வசந்தா, "அந்த வாயைக் கொஞ்சம் சாப்பிட மட்டும் வச்சுக்கங்க" என்பதோடு விட்டுவிடுவாள். குணசேகரன் அப்படி விடவில்லை.

குணா என்னோடு வலங்கைமான் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். பிறகு துபாய், கப்பல் என்று ஹோட்டல் வேலையிலேயே உலகத்தைச் சுற்றிவிட்டு, தலை நரைத்தபின் தஞ்சாவூருக்கு வந்து, ஒரு ஹோட்டலின் முதல் மாடி பாருக்கு மேனேஜர் ஆனான். வந்ததும் பாரின் ஒரு மூலையில் மஞ்சள் விளக்கு மாட்டி, மரப் பீப்பாய் ஒன்றை நிறுத்தி, "இது ஒயின் பார்" என்று அறிவித்தான். எங்கள் ஊரில் ஒயின் ஷாப் என்று ஜனங்கள் சொல்லும் அரசாங்கக் கடையில் ஒயினைத் தேடுகிற ஆளை நான் பார்த்ததில்லை. ஒயின் என்று சொல்லி ஒயினையே கொடுக்கிற இடம் எங்களுக்குப் புதுசு.

ஒரு நாள் கடைக்கு வந்தான்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வா. ஃப்ரெண்ட்ஸ் மட்டும்தான். பாட்டிலையெல்லாம் பேப்பர் சுத்தி மறைச்சு நம்பர் போட்டுடுவேன். ருசி பார்த்து எது எந்த நாட்டுதுன்னு சொல்லணும்."

"எனக்கு அதெல்லாம் வேண்டாம்டா."

"அதுவும் சரிதான். நெல்லு, தவிடுன்னா உனக்குத் தெரியும். இதுக்கு வேற மூக்கு வேணும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவன் சொல்லாமல் இருந்திருந்தால், ஒரு டவுன் பஸ் அன்றைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, நான் குடிக்கிறவன் இல்லை. என் மொத்த மது அனுபவம் காலேஜ் டூரில் கொடைக்கானலில் குடித்த முக்கால் கிளாஸ் பீர். அதையும் கொடைக்கானல் அன்றைக்கே திரும்பப் பெற்றுக்கொண்டது.

இரண்டாவது, வசந்தா. எங்கள் தெருமுனையில், டியூஷன் சென்டருக்குப் பக்கத்தில், மதுக்கடையும் அதை ஒட்டி ஒரு பாரும் வந்திருந்தன. கடையை எடுக்கச் சொல்லித் தெருப் பெண்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். அதற்குத் தலைவி வசந்தா. வீடு வீடாக ஏறி இறங்கி மனு தயார் பண்ணி, திங்கட்கிழமை காலையில் எல்லோருமாகக் கலெக்டர் ஆபீஸ் போவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை பார்க்காரர் தெருவில் நின்றே நக்கலடித்தார்: "முதல்ல உங்க வீட்டு ஆம்பளைங்களைத் திருத்துங்கம்மா. அப்புறம் எங்க கடையை மூடலாம்."

வசந்தா திரும்பி நின்று சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் குடிச்சாருன்னு ஒரே ஒரு நாள் காட்டுங்க. இந்த மனுவை உங்க கண்ணு முன்னாடி நானே கிழிச்சுப் போடுறேன்."

தெருவே கைதட்டியது. நானும் தட்டினேன். இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "மில்லு வரைக்கும் போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பாரில் குணாவும் ரஃபீக்கும் மட்டும் இருந்தார்கள். (வருகிறேன் என்று சொன்ன மற்றவர்கள் மனைவியிடம் உண்மையைச் சொல்லியிருப்பார்கள்.) ரஃபீக்கும் எங்கள் பெஞ்சுதான். கீழவாசலில் ஹார்டுவேர் கடை. குடிப்பதில்லை. அதனாலேயே அவன் நடுவர்.

"பாட்டிலைத் தொட மாட்டேன், ஊத்த மாட்டேன். மார்க் மட்டும் போடுவேன்" என்றான் ரஃபீக். "பிரியாணி உண்டுன்னு சொன்னான். அதுக்குத்தான் வந்தேன்."

அவன் மட்டும் தனியாகத் தெரிய வேண்டாமே என்று குணா அவனுக்குக் கருப்புத் திராட்சை ஜூஸ் வரவழைத்து, எங்களுக்கு வைத்த மாதிரியே நீளக்காம்புக் கிளாஸில் ஊற்றச் சொன்னான். பெருந்தன்மையான காரியம். அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

குணா பாடம் நடத்தினான். கிளாஸைச் சாய்த்து நிறம் பார்க்கணும். சுழற்றணும். மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்க்கணும். ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்க உருட்டிவிட்டுப் பக்கெட்டில் துப்பணும்.

"துப்புறதுக்கா இவ்வளவு காசு குடுத்து வாங்கின?" என்றான் ரஃபீக்.

"நடுவர் பேசக் கூடாது" என்றேன் நான். அன்றைக்கு நான் செய்த முதல் தப்பு அது.

ஒன்றாம் நம்பரை மோந்தேன். மனசில் பட்டதைச் சொன்னேன்: "போர் போட்ட வைக்கோல்ல ராத்திரி மழை பெஞ்சு, மறுநாள் வெயில் அடிச்ச வாசனை."

குணா எழுந்தே நின்றுவிட்டான். "டேய்! வெள்ளைக்காரன் காசு வாங்கிக்கிட்டு இதைத்தான்டா சொல்றான்!"

இரண்டாம் நம்பர். "புதுச் சாக்கு. ஓரத்துல லேசா, நெல்லு கொட்டி வைக்கிற மரப்பத்தாய வாசனை."

"அது பீப்பாய் மரம்டா! எப்படிடா பிடிச்ச?"

எனக்குக் காது வரை பெருமை. ஆனால் இரண்டிலும் வாய் வைக்கவில்லை. அதைக் குணா ஏதோ பெரிய நுணுக்கம் என்று நினைத்துக்கொண்டான். உண்மையில் பயம். கடைசியில் அவன், "மோந்தது போதும், மூணாம் நம்பரை வாயில ஊத்து. பெரிய ஆளுங்கெல்லாம் கண்ணை மூடிக்கிட்டுத்தான் குடிப்பாங்க" என்றான். நான் பெரிய ஆள் இல்லையா? கண்ணை மூடினேன். கையை நீட்டினேன். அகப்பட்ட கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் பாதியை உள்ளே தள்ளினேன்.

"டேய் மாப்ள, அது..." என்று ரஃபீக் குரல் கேட்டது.

"நடுவர்!" என்று கையை உயர்த்தினேன். வாயை மூடிக்கொண்டான்.

அடுத்து நடந்ததை என் உடம்பு இன்னும் மறக்கவில்லை. வயிற்றில் ஒரு சூடு கிளம்பி, நெஞ்சு வழியாக ஏறி, இரண்டு காதிலும் போய் உட்கார்ந்தது. முழங்கால் தளர்ந்தது. மஞ்சள் விளக்கு ஆடியது. இதைத்தான் போதை என்கிறார்களா என்று ஒரு மரியாதை வந்தது.

"பழைய சரக்கு" என்றேன், கண்ணைத் திறக்காமலே. "மலைச்சரிவுல சாயங்கால வெயில் பட்ட பழம். அடியில ஒரு இனிப்பு."

"இனிப்பா?" குணா குழம்பினான். "இனிப்பா எதுவும் நான் வைக்கலையே."

இனிப்பை நிரூபிப்பதற்காகக் கிளாஸைச் சுழற்றினேன். கிளாஸ் என் கையிலேயே இருந்தது. உள்ளே இருந்தது மட்டும் சட்டைப் பாக்கெட்டில் தொடங்கி வேட்டி முழங்கால் வரை இறங்கிவிட்டது.

கண்ணைத் திறந்தேன். நெஞ்சிலிருந்து முழங்கால் வரை சிவப்பு. வசந்தா பார்க்காரரிடம் சொன்ன வார்த்தை ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவள் நாலு மணிக்குத் தெருக்கோடிச் செல்வி அக்கா வீட்டில் மனுக் கூட்டத்துக்குப் போயிருப்பாள். அவள் திரும்புவதற்குள் வீட்டுக்குப் போய் வேட்டியை ஊறவைத்துவிட்டுப் படுத்துவிட வேண்டும். ரஃபீக் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நான் படியில் இருந்தேன். செல்போன் மேஜையில் இருந்தது. காலில் இருந்தது ரஃபீக் செருப்பு.

ஸ்கூட்டரை எடுக்கவில்லை. பொறுப்புள்ள குடிகாரன் நான். ஆட்டோ பிடித்து, "மெதுவா போங்க தம்பி. நான் நிதானத்துல இல்ல" என்றேன்.

"தெரியுதுண்ணே" என்றார் ஆட்டோக்காரர்.

வீட்டு வாசலில் நிறைய செருப்புகள் தெரிந்தன. போதையில் ஒன்று பலவாகத் தெரியும் என்று கேள்விப்பட்டிருந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

செல்வி அக்கா வீட்டில் கரண்ட் இல்லையாம். கூட்டம் எங்கள் வீட்டு ஹாலில் நடந்துகொண்டிருந்தது. தெருப் பெண்கள் அத்தனை பேரும் தரையில். நடுவில் வசந்தா கையில் மனுவோடு நின்றாள்.

எல்லோரும் என் வேட்டியைப் பார்த்தார்கள். அப்புறம் செல்வி அக்கா வீறிட்டார்: "ஐயோ, கலியமூர்த்தி அண்ணே! ரத்தம்!"

நான் பொய் சொன்னதாக இன்றைக்கும் வீட்டில் சொல்கிறார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் சொன்னார்கள், நான் தலையாட்டினேன்.

"எங்கங்க அடி?" வசந்தா ஓடி வந்தாள். எங்காவது காட்டித்தானே ஆக வேண்டும்? வயிற்றைக் காட்டினேன்.

"குத்திட்டானுங்க!" என்றார் செல்வி அக்கா. "பார்க்காரன்தான் ஆள் வச்சுக் குத்திட்டான்! வெள்ளிக்கிழமையே மொறைச்சான்ல?"

இந்த இடத்தில் தலையாட்டக் கூடாது என்று எனக்குத் தெரிந்தது. தலைக்குத் தெரியவில்லை.

பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமுக்கு என்னைக் கொண்டுபோனார்கள். பாதிப் பெண்கள் என்னோடு உள்ளே வந்தார்கள். மீதிப் பாதி நர்சிங் ஹோம் வாசலிலேயே ரோட்டில் உட்கார்ந்தார்கள். "கொலைகாரக் கடையை மூடு!" ஒரு டவுன் பஸ் நின்றது. அதற்குப் பின்னால் இரண்டு வைக்கோல் டிராக்டர், அதற்குப் பின்னால் மெயின் ரோடு.

இளம் லேடி டாக்டர். "சட்டையைக் கழட்டுங்க சார்."

"வேண்டாம் டாக்டர். அப்படியே பாருங்க" என்று சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குள் நர்ஸ் டி.டி. ஊசி போட்டுவிட்டார். அன்றைய தினம் எனக்கு ஏற்பட்ட ஒரே காயம் அதுதான்.

டாக்டர் குனிந்து வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சின் காலிலிருந்து ஒரு எறும்பு வரிசை ஏறி, என் முழங்கால் பக்கம் ஒரு மாநாடே நடத்திக்கொண்டிருந்தது.

"சாருக்கு சுகர் இருக்கா?" என்றார்.

"இல்லையே டாக்டர்!" வசந்தா உடைந்து அழுதாள். "ரத்தத்துக்கே எறும்பு வர்ற அளவுக்கா இருக்கு? என்கிட்ட சொல்லவே இல்லையே!"

வாசலிலிருந்து செய்தி வந்தது: இன்ஸ்பெக்டர் வந்துகொண்டிருக்கிறாராம், பார்க்காரரைக் கூட்டிக்கொண்டு வர ஆள் போயிருக்கிறதாம். சரியாக அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ரஃபீக் வந்தான். ஒரு கையில் என் செல்போன், இன்னொரு கையில் என் செருப்பு. வீட்டுக்குப் போய், தெருவே காலியாகக் கிடப்பதைப் பார்த்து, விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

அவன் வாயைத் திறந்தால் முடிந்தது. அதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் தண்டனை குறையும் என்று என் மூளை சொன்னது. (அந்த மூளைக்கு அன்றைக்கு விடுமுறை கொடுத்திருக்க வேண்டும்.)

"வசந்தா! யாரும் குத்தல!" என்று கத்தினேன். "நான் குடிச்சிருக்கேன்! ஒயின்! மலைச்சரிவு ஒயின்!"

செல்வி அக்கா கையை வாயில் வைத்தபடி நின்றார். வசந்தா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கைப்பையைத் திறந்து மனுவை வெளியே எடுத்தாள். அத்தனை வீட்டுப் படியேறி வாங்கிய கையெழுத்து. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மேல் ஓரத்தில், கிழிக்கத் தோதாக, விரல்களை வைத்தாள். எனக்கு நிஜமாகவே வயிற்றில் குத்தின மாதிரி இருந்தது.

"என்னத்தக் குடிச்ச?" என்றான் ரஃபீக்.

"மூணாம் நம்பர்."

"மூணாம் நம்பர் அப்படியே மேஜையில இருக்குடா. நீ குடிச்சது என் திராட்சை ஜூஸ். சொல்ல வந்தேன். நடுவர் பேசக் கூடாதுன்னுட்ட."

வசந்தா மனுவை டாக்டர் மேஜையில் வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஊதுங்க."

ஊதினேன். மோந்து பார்த்தாள். நகர்ந்துகொண்டாள். "செல்விக்கா, நீங்க பாருங்க." செல்வி அக்கா மோந்தார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றுவிட்டது. ரோட்டிலிருந்தும் சிலர் எழுந்து வந்தார்கள். கடைசியில் டாக்டரும் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "கருப்புத் திராட்சை. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்" என்றார். அன்றைக்கு முறைப்படி நடந்த ஒரே ருசிப் போட்டி அதுதான். போட்டியாளர்கள் அத்தனை பேரும் சரியாகச் சொன்னார்கள்.

பின்னாலிருந்து யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். வசந்தா சிரிக்கவில்லை. மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், பார்க்காரர் குத்தவில்லை என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லி, பஸ்ஸை விடச் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் பார்க்காரர் மறுபடி வாயைத் திறந்தபோது செல்வி அக்கா சொன்னாராம்: "எங்க வீட்டு ஆம்பளைய ஊதச் சொல்லி தெருவே மோந்து பார்த்தாச்சு. உங்க வீட்டுல யாரு பார்த்தா?" கொஞ்ச நாளில் கடை பைபாஸ் பக்கம் போனது. மனுவால் போனது என்கிறார்கள். எறும்புக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

ஒயின் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குணா இப்போதும் கூப்பிடுகிறான். மூக்கு வரைக்கும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும், தட்டில் திராட்சை ஜூஸ் வந்தால் எங்கள் குடும்பம் மொத்தமும் என்னைத்தான் பார்க்கும். நான் ஒரு கிளாஸ் எடுத்து முடிக்கும்வரை என் மகள் பொறுமையாக நிற்பாள். பிறகு உள்ளங்கையை நீட்டுவாள்.

"அப்பா, வண்டிச் சாவி."

கொடுத்துவிடுவேன். அன்றைக்குக் காலில் வந்த தளர்ச்சி எனக்குத்தானே தெரியும்.