தையல் மிஷின் கடையின் வலைத்தளமும் என் மறைவும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். நலம் என்பதை மரியாதைக்காக எழுதுவதாக நினைத்துவிடாதே. ஒரு கடைவாய்ப்பல் வலியைத் தவிர வேறு குறையில்லாமல், உயிரோடு, கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்பதை முதலில் மனதில் பதித்துக்கொள். போனில் சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நீ, "சரி அத்தான், பாக்கறேன் அத்தான்" என்று வைத்துவிடுவாய். எழுத்தில் இருந்தால் தப்ப முடியாது.

விஷயம் இதுதான். போன செவ்வாய்க்கிழமை காலை ஒரு பழைய மிஷினைக் கவிழ்த்துப் போட்டு, ஷட்டிலில் சிக்கியிருந்த நூலை இடுக்கியால் உருவிக்கொண்டிருந்தேன். சீருடை தைக்கும் கம்பெனியின் மேலாளர் அம்மாள் ஒருவர் உள்ளே வந்தார். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தாழ்ந்த குரலில், "உங்க தம்பி தவறிட்டார்னு எங்களுக்கு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது சார். சின்ன வயசு" என்றார். எனக்குத் தம்பியே கிடையாது என்பது உனக்குத் தெரியும். அப்படியே சொன்னேன். அவர் தன் செல்போனைத் திறந்து நீட்டினார். காலேஜில் படிக்கும்போது நீ செய்து கொடுத்த நம் கடையின் வலைத்தளம். 'எங்கள் நிறுவனரின் மறைவையொட்டிக் கடை மூன்று நாள்களுக்கு மூடப்பட்டிருக்கும்' என்று கறுப்புக் கட்டம். அதற்கு நேர் கீழே என் படம். தலை நிறைய முடியோடு சிரித்துக்கொண்டிருக்கிறேன். இடுக்கி கையிலிருந்து நழுவி மிஷினுக்குள் விழுந்ததுகூடத் தெரியவில்லை.

அந்த அறிவிப்பு என் அப்பா போனபோது நீ போட்டது. ஒன்பது வருஷம் ஆகிறது. கம்ப்யூட்டரில் பார்த்தால் அறிவிப்புக்குப் பக்கத்தில் அப்பாவின் படம் ஒழுங்காக இருக்கிறது, நான் ஓரமாக இருக்கிறேன். செல்போனில் எல்லாவற்றையும் ஒன்றன் கீழ் ஒன்றாக நசுக்கி, அப்பாவைக் கடைசிக்குத் தள்ளி, என்னை முன்னே கொண்டுவந்து சாகடித்திருக்கிறது. நான் கம்ப்யூட்டரில் மட்டும் பார்க்கிறவன், அதுவும் எப்போதாவது. ஊர் உலகமெல்லாம் செல்போனில் பார்க்கிறது. அந்த அம்மாள் சொன்னதையும் கேள். அவர்கள் கம்பெனியில் நாற்பது மிஷின் ஓடுகிறதாம். நம்மிடம் கொடுக்கலாமென்று தளத்தைப் பார்த்தவர்கள், கடைக்காரரே போய்விட்டார் என்று இரண்டு வருஷமாக வேலையை வேறு கடைக்குக் கொடுத்துவந்தார்களாம். அங்கே சரியில்லை என்று, யாராவது வாரிசு இருக்கிறாரா பார்க்கலாமென வந்திருக்கிறார். நான்தான் அந்தப் படத்தில் இருப்பவன் என்று சொன்னதும் என் தலையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி என் தலையைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று போய்விட்டார்.

அன்று மத்தியானமே, உன் அக்கா சொன்ன ஒரு பெண்ணைத் தேடிப் போனேன். மருந்துக்கடைக்கு மாடியில் வலைத்தளம் செய்து கொடுக்கிறாள். தளத்தைத் திறக்கும் கடவுச்சொல்லை நீ எழுதிவைத்த துண்டுச்சீட்டு பாபின் டப்பாவில் இருந்தது, அதைக் கொடுத்தேன். நேரடியாகக் கை வைக்காமல் ஒரு நகல் எடுத்துத் திறந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம், எக்ஸ்ரேயைப் பார்க்கும் டாக்டர் முகம் மாதிரி ஆனது. திருத்துவதைவிடப் புதிதாகச் செய்வதே நல்லது என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்பது வருஷ மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் ஒருநாளாவது தூக்கிப் போடு என்று சொல்லியிருக்கிறேனா, ரிப்பேர்தான் செய்ய வேண்டும் என்று அடம்பிடித்தேன். சரி என்று அந்த நகலில் அறிவிப்பை எடுத்தாள். கூடவே கடையின் போன் நம்பர் காணாமல் போனது. நம்பரைக் கொண்டுவந்தாள், படமெல்லாம் தலைகீழாகின. படத்தை நிமிர்த்தினாள், 'பூஜ்யம் ஆண்டுகளாக உங்கள் சேவையில்' என்று வந்தது. ஒரு தையலைப் பிரித்தால் சட்டையே கழன்று விழுகிற கதை. அதற்குமேல் ஒரு குண்டு போட்டாள். வாடிக்கையாளர்கள் அதில் எழுதுகிற செய்தியெல்லாம் கடைக்கு வருவதே இல்லையாம். உன்னுடைய காலேஜ் கால மெயிலுக்குப் போகிறதாம். பதினோரு வருஷத்துச் செய்தி.

அப்போது அந்தப் பெண் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்: "சார், பாடி விரிசல் விட்டு, பார்ட்ஸ் கிடைக்காம, தையலும் தவறுற மிஷினைக் கொண்டு வந்தா நீங்க என்ன சொல்வீங்க?"

"ஞாபகத்துக்கு வீட்டுல வச்சுக்கம்மா, தைக்கப் புதுசு வாங்கிக்கோன்னு சொல்வேன்" என்றேன்.

அவள் திரையில் 'பூஜ்யம் ஆண்டுகளாக' என்ற வரியின்மேல் விரலை வைத்தாள்.

ஆனாலும் மனது ஒப்பவில்லை. அதில் 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தில் அப்பா சொல்லச் சொல்ல நீ டைப் செய்தது அப்படியே இருக்கிறது. 'மிஷின் கெட்டுப்போவதில்லை, எண்ணெய் கேட்கிறது, நாம்தான் காதில் வாங்குவதில்லை.' வேறு எங்கேயும் அவர் பேச்சு நம்மிடம் இல்லை. அதை மட்டும் ஒரு எழுத்து மாறாமல் புதியதில் வைக்க முடியுமா என்று கேட்டேன். முதல் பக்கத்திலேயே வைக்கலாம் என்றாள். அதன்பிறகுதான் சம்மதித்தேன். இரண்டு நாள் தீர யோசித்து நானே எடுத்த முடிவு இது: பழையது வேண்டாம், புதிதாகவே செய்வோம்.

ஆகவே நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். உன் பழைய மெயிலின் கடவுச்சொல்லை உடனே அனுப்பு. பதினோரு வருஷமாகப் பதில் கிடைக்காமல் காத்திருக்கும் அத்தனை பேருக்கும் ஒருவர் விடாமல் நான் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். நினைத்தால் சோறு இறங்கவில்லை. உன் வீட்டுக்காரிக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். எல்லோரும் நோய்நொடியில்லாமல், முக்கியமாக இணையத்திலும் உயிரோடு, நீண்ட காலம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: கடவுச்சொல் வேண்டாம். இதை உறையில் போடுமுன் பிழை பார்க்க உன் அக்காவிடம் கொடுத்தேன். நீ வெளியூர் போகும்போதே அதை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாயாமே. அத்தனை செய்திக்கும் அன்றன்றைக்கே அவள் பதில் போட்டுவந்திருக்கிறாள். வெளியூரிலிருந்தெல்லாம் மிஷின் தேடி வருவது என் கைராசியால் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பது மிஷின் அம்மாளுக்கும் நேற்றே எழுதி, திங்கட்கிழமை வேலையை ஆரம்பிக்க ஒப்புக்கொள்ள வைத்துவிட்டாள். மாடிப் பெண்ணிடம் புதிய தளத்துக்கும் போன மாதமே சொல்லியாகிவிட்டதாம். "உங்களையும் ஒரு வார்த்தை கேட்கணும்னுதான் அங்க அனுப்பினேன்" என்கிறாள். கடிதத்தில் பிழை ஒன்றும் இல்லையாம், 'நானே எடுத்த முடிவு' என்ற இடத்தைத் தவிர.