பிரேசில்காரர் துடைத்து வைத்த சொற்கள்

வோல்டா,
ஞாயிறு, ஊர் தூங்கிய பிறகு

அன்புள்ள ஸ்டைனார் அண்ணனுக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். ஐவினுக்குப் பல் முளைக்கிறது. அவன் கண்ணயர்ந்தால்தான் எனக்குக் கை ஓய்கிறது. கடல் நடுவே எண்ணெய் மேடையில் நீ நலமாக இருப்பாய், சாப்பாடும் எங்களுடையதைவிட நன்றாகவே இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம், நான் தவிர.

நம் தெரு டூக்நாட் பொதுவேலை நாளில் எல்லோரும் கூலியில்லாமல் கூடி இலை வாரினார்கள், ஊஞ்சலுக்குப் பெயின்ட் அடித்தார்கள். நான் குழந்தையும் கையுமாகப் போய் நின்றதும் பெர்க்லியோட் அக்கா, "இவ குனிஞ்சா புள்ள விழும், நிமிர்ந்தா குப்பை விழும். உனக்கு வேற வேலை வெச்சிருக்கேன்டி" என்று தான் நடத்தும் மழலையர் பள்ளியின் கம்ப்யூட்டர்களை என் தலையில் கட்டிவிட்டாள். நீ லினக்ஸ் போட்டுக் கொடுத்தாயே, அவையேதான். நம் நீநொர்ஸ்க் மொழியில் பெற்றோருக்கு எழுதும் கடிதங்களில் பாதிச் சொற்களுக்கு அடியில் சிவப்புக் கோடு. தேடிப் பார்த்தால், பிழை பார்க்கும் அகராதி பல வருடப் பழசு. புதுசு வெளிவந்தும் யாரும் சேர்க்கவில்லை. இதற்கு யார்தான் பொறுப்பு என்று அந்த லினக்ஸைப் பராமரிப்பவர்களுக்குக் கொஞ்சம் காரமாகவே எழுதினேன். பிரேசிலிலிருந்து எவரால்டோ என்பவர் பதில் போட்டார்: "யாருமே இல்லீங்க மேடம். உங்க பாஷையில எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆளில்லாத வீடு இடிஞ்சிடக் கூடாதேன்னு நான்தான் ஒவ்வொரு பதிப்புக்கும் பூசி மெழுகிட்டு வர்றேன். படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது திங்கக்கிழமைக்குள்ள புதுசைச் சோதிச்சுத் தரலைன்னா, அடுத்த பதிப்புலேர்ந்து இந்த அகராதியையே தூக்கிடுவாங்க."

அண்ணா, எனக்குப் புல்லரித்துவிட்டது. நாம் சண்டை போட்டுக் காத்த மொழியை, பனியே பார்த்திராத ஒரு மனுஷர், சம்பளமில்லாமல், நாம் ஒரு வாய் காபிகூடக் கொடுக்காமல், என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் துடைத்து வைத்திருக்கிறார்! அந்த வேகத்தில், டூக்நாட்டில் சொல்கிற மாதிரியே, "நானும் ஒரு கை கொடுக்கிறேன்" என்று எழுதித் தொலைத்தேன். மறுநாள் பார்த்தால் "பராமரிப்பாளர்: தூவா" என்று உலகத்துக்கே தெரிகிற மாதிரி என் பெயர்! முதல் முயற்சியில் நம் å, ø எழுத்தெல்லாம் சிதைகிற மாதிரி கோப்பைச் சேமித்துவிட்டேன். திரை முழுக்க ரத்தக் களரி. என் வீட்டுக்காரர் ஹோவார்ட் எட்டிப் பார்த்து, "பலே! நானூறு வருஷம் நம்மை ஆண்ட டென்மார்க்காரனால முடியாததை நீ ஒருத்தியே முடிச்சிட்ட. மொத்த மொழியும் தப்புன்னுட்டியே" என்கிறார். எவரால்டோ மட்டும் சிரிக்கவில்லை. "அர்த்தம் புரியலீங்க. ஆனா இந்த எழுத்துங்க மூஞ்சிய வருஷக்கணக்கா பார்த்திருக்கேன். இன்னிக்கு மூஞ்சி சரியில்ல" என்று எழுதி, தவறு இருந்த இடத்தையும் காட்டினார். அழுதே விட்டேன்.

திருத்தி அனுப்பியாயிற்று. நாளை கடைசி நாள். அவர்கள் அதைத் தள்ளிவிட்டால் அகராதி போச்சு. ஏற்றுக்கொண்டால் எனக்குத் தூக்கம் போச்சு. பாலை அடுப்பில் வைத்தே மறக்கிறவள் ஒரு மொழியை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? கெஞ்சிக் கேட்கிறேன், இந்தப் பொறுப்பை நீ வாங்கிக்கொள்.

கடல் உன்னிடம் சாதுவாக இருக்கட்டும். ஐவின் சார்பில் ஓர் எச்சில் முத்தம்.

உன் தங்கை,
தூவா

பி.கு.: இப்போதுதான் மடல் வந்தது, ஏற்றுக்கொண்டார்களாம்! உடனே புது அகராதியை இறக்கிப் பள்ளிக் கடிதத்தைத் திறந்தேன். ஒரே ஒரு சிவப்புக் கோடு. அது பெர்க்லியோட் அக்காவின் அசல் தப்பு. எவ்வளவு அழகான கோடு தெரியுமா! மேலே கேட்டதை மறந்துவிடு, நீயே கேட்டாலும் தர மாட்டேன். ஃபெரோ தீவுக்காரர்களின் அகராதியும் ஆளில்லாமல் கிடக்கிறதாம், "பக்கத்து வீடுதானே மேடம்?" என்றார் எவரால்டோ. சரி என்று சொல்லிவிட்டேன். அந்த மொழியில் எனக்கு வணக்கம் சொல்லக்கூடத் தெரியாது. சீக்கிரம் பதில் எழுது.