கோழிக்கு நூற்றாறு டிகிரி காய்ச்சல்

நான் உயிரியல் ஆசிரியை. பதினோரு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு உயிர்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். அப்படி ஓர் உயிரைக்கூட நான் பக்கத்தில் போய் ஒழுங்காகப் பார்த்ததில்லை என்பதை ஒரு கோழிதான் எனக்குப் புரியவைத்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதாவிட்டாலும் நூம்பலில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

நான் ஆவடி குவார்ட்டர்ஸில், இரண்டாவது மாடியில் வளர்ந்தவள். எங்களுக்குக் கோழி என்றால் ஞாயிற்றுக்கிழமை அப்பா கருப்புப் பையில் வாங்கிவரும் ஒரு சாமான். உயிரோடு நடமாடும் கோழியை நான் கிட்டத்தில் பார்த்தது நூம்பலுக்குக் குடிவந்த பிறகுதான். அது பக்கத்து வீட்டுக் கஸ்தூரியக்காவுடையது. அக்கா ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்ப்பவர். அந்த வருட வெயிலில் வந்த கழிச்சலில் அவருடைய கோழிகள் எல்லாம் செத்துப்போய், மிஞ்சியது இந்தச் சிவப்புக் கோழி ஒன்றுதான். இதை வைத்துத்தான் மறுபடி கோழிகளைப் பெருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஒரு வியாழக்கிழமை காலை, காட்டுப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த அவருடைய மகளுக்கு டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே வலி எடுத்துவிட்டது. வாசலில் ஆட்டோ நிற்க, ஒரு கையில் பையும் மறு கையில் சாவியுமாக அக்கா ஓடிவந்தார்.

“டீச்சர், பின்னால கூடைல கோழி கீது. கொஞ்சம் பாத்துக்க. அது ஒண்ணுதான் கீது எனக்கு.”

“நீங்க கிளம்புங்கக்கா. உயிரியல் டீச்சர்கிட்ட கோழியக் கொடுத்துட்டு யாராவது கவலைப்படுவாங்களா?”

(இதைச் சொன்னது நானேதான். ஆட்டோக்காரர் சாட்சி.)

மாலை பள்ளியிலிருந்து வந்து பார்த்தேன். கோழி கூடைக்குள் உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அரிசியைத் தொடவே இல்லை. கையை நீட்டினால் ‘கர்ர்’ என்று உறுமிக் கொத்தியது. ஒருவழியாகத் தூக்கிப் பார்த்தால் வயிற்றில் இறகே இல்லை, தோல் சிவந்து கிடந்தது. தரையில் விட்டேன். இரண்டு அடி தள்ளாடி நடந்து, எலுமிச்சம்பழ அளவுக்கு ஒன்று போட்டது பாருங்கள், அந்த நாற்றத்தில் எனக்குக் கண்ணே எரிந்தது.

கழிச்சல்! அதே கழிச்சல்!

கூடையில் பதினோரு முட்டைகள் இருந்தன. இவ்வளவு முடியாத உடம்போடு இத்தனை முட்டை போட்டிருக்கிறதே என்று உருகினேன். பிறகு, நோய்க்கிருமி பரவக் கூடாதே என்று, முட்டைகளைப் பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, ஃப்ரிட்ஜில் அடுக்கினேன். கூடையில் இருந்த வைக்கோலைக் கொட்டிவிட்டு, கூடையையும் கழுவி வெயில் படும் இடத்தில் கவிழ்த்தேன்.

அடுத்து, இறக்கைக்கு அடியில் தெர்மாமீட்டர் வைத்தேன். நூற்றாறு!

“நூத்தாறா? மனுஷனுக்கா இருந்தா இந்நேரம் ஜன்னி வந்திருக்கும்” என்றார் என் கணவர். பிறகு கொஞ்சம் யோசித்து, “அக்காவுக்கு ஒரு போன் போட்டுக் கேளேன்” என்றார்.

“பொண்ணு பிரசவ வலியில இருக்கு. அவங்ககிட்டப் போய்க் கோழிக்குப் பேதின்னா சொல்லச் சொல்றீங்க?”

பறவைகளின் உடல் வெப்பம் இயல்பாகவே மனிதர்களைவிட அதிகம். இது நானே தேர்வில் கேட்ட இரண்டு மதிப்பெண் வினா. எழுதாத பிள்ளைகளை நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன்.

எங்கள் குளியலறையை ஐசியூ ஆக்கினேன். கோழியின் வயிற்றில் மஞ்சள் பூசி, மேலே ஈரத்துணி போர்த்தினேன். மிளகு, சீரகம், பூண்டு, மஞ்சள், சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் அரைத்து உருட்டி, கணவர் அலகைப் பிளக்க, நான் உள்ளே தள்ளினேன். கதவைத் திறக்கும்போதெல்லாம் கோழி கத்திக்கொண்டு அக்கா வீட்டுப் பின்பக்கத்துக்கு ஓடும். ஜன்னி வேகம் என்று நினைத்து, துரத்திப் பிடித்து மறுபடி உள்ளே போடுவேன். மூன்று நாள் இதே வேலை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கு விடுப்புகூட எடுத்தேன்.

அன்று அக்காவே போன் செய்தார். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம். “கோழி எப்டி கீது டீச்சர்?”

“ஜோரா இருக்கு. நீங்க நிம்மதியா பேத்தியப் பாருங்கக்கா” என்றேன். பின்னால் குளியலறைக் கதவைக் கோழி கொத்திக்கொண்டிருந்தது. அந்தப் பொய்யை மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால், இந்தக் கதையில் கொஞ்சமாவது தலை நிமிர்ந்து நின்றிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா இனிப்போடு வந்தார். பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, “கூடை கவுந்து கீதே, எங்க டீச்சர் கோழி?” என்றார்.

நான் பெருமையாகக் குளியலறைக் கதவைத் திறந்தேன். மஞ்சள் பூசிய நோயாளி எங்கள் கால்களுக்கு நடுவே பாய்ந்து வெளியே ஓடியது.

“நல்ல காய்ச்சல்க்கா. எப்படியோ காப்பாத்திட்டேன்.”

“காச்சலா? அது அடையில்ல உக்காந்துகினு இருந்துச்சு! முட்டைங்க எங்க?”

“பத்திரமா இருக்குக்கா. ஃப்ரிட்ஜ்ல.”

அக்கா ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு முட்டையை எடுத்தார். சில்லென்ற அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

“வர்ற வியாழக்கெழம பொரிக்க வேண்டியது, டீச்சர்” என்றார்.

முட்டைக்குள் குஞ்சின் வளர்ச்சி, இருபத்தொரு நாள். படம் வரைந்து பாகங்களைக் குறி. வருடா வருடம் கலர் சாக்பீஸில் கரும்பலகையில் நான் வரைந்த படம்! அதன் பதினோரு பிரதிகளைக் கொத்தமல்லிக் கட்டுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தேன். அக்கா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. “உனக்கு இன்னா தெரியும், பாவம்” என்று இனிப்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஓர் ஆசிரியையை இதைவிடக் கேவலமாக யாரும் திட்டிவிட முடியாது.

நான் மொட்டை மாடிக்குப் போய் அழுதேன். அங்கிருந்து பார்த்தால் அக்கா வீட்டுப் பின்பக்கம் தெரியும். அவர் கூடையை நிமிர்த்தி வைத்திருந்தார். கோழி அந்தக் காலிக் கூடையில் ஏறி, உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டு வாரம் அப்படியே உட்கார்ந்தது. நான் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தேன்.

சில மாதம் கழித்து அது மறுபடி முட்டையிட்டு அடைக்கு உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து அக்கா பேத்திக்குக் காது குத்த இரண்டு நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. வழக்கம்போல வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். பீரோ சாவியும் அந்தக் கொத்தில்தான் இருந்தது.

“கோழி?” என்றேன்.

“அத்த கூடையோட தெருமுனை கோழிக்கடை அண்ணாத்தகிட்ட உட்டுட்டு வந்துட்டேன் டீச்சர்.”

“கறி வெட்டுற கடையிலயாக்கா?”

“ஆமா டீச்சர்” என்றார் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல். “அங்கன்னா உசுருக்குப் பயமில்ல.”

பக்கத்தில் நின்ற என் கணவர் இன்றுவரை வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடம் அக்காவின் குரலிலேயே இதைச் சொல்லிக்காட்டுகிறார். அந்தக் கடையில், வெட்டுக்கட்டைக்குக் கீழே, ஒன்பது குஞ்சு பொரித்தது.